மாமன் கொடுத்த பெட்டி

கொம்பியூட்டர் படக்கென்று அணைந்தது. மகள் தாயைத் திரும்பிப் பார்த்து, "மாமாவுக்குப் போன் போடவாம்மா?" என்று கேட்டாள்.

நான் கதவடியில்தான் நின்றேன். ரப்பர் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கையில் ஒட்டியிருந்த பால் இன்னும் காயவில்லை.

"என்னா ஆச்சு?" என்றேன்.

"தெரியலப்பா. தானா ஆஃப் ஆயிருச்சு."

"மாமா வந்து என்னா செய்வாரு? அவரு வேன் ஓட்டுறவரு."

"சும்மா கேட்டேன்ப்பா."

சும்மா கேட்டதுதான். ஆனால் வாயில் முதலில் வந்தது மாமா.

அவர் என் மனைவியின் அண்ணன். கொடகவெலயில் குடியிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். எனக்கு மச்சான். என்னை மாப்ள என்று கூப்பிடுவார். சத்தமாகச் சிரிப்பார். வீட்டுக்குள் வரும்போதே சிரிப்பு முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அவருக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை இல்லை. அதனால் என் மகள் மேல் உயிர். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோரும் இதை நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் வாய் திறந்து வேறு எதுவும் சொன்னதில்லை. எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களிடம் தாய்மாமனுக்குத்தான் முதல் இடம். நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் இந்த முறை மாறவில்லை. மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவரே ஞானத்தகப்பன். காது குத்தும்போது பிள்ளை உட்கார்ந்தது அவர் மடியில். ஊசி பட்டதும் அழுதுகொண்டு அவர் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள். பெரிய பிள்ளையானபோது பச்சை ஓலை கட்டியது அவர். சேலை எடுத்துக் கொடுத்தது அவர். அன்றைக்கு நான் வாடகைக் கதிரை மேசைகளை லொறியிலிருந்து இறக்கினேன். பிறகு ஏற்றினேன். அந்தச் சடங்குப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. அவர் நடுவில் நிற்கிறார். ஓரத்தில் ஒரு தோள் தெரியும். அது என்னுடையது.

மகளின் ஓஎல் பரீட்சை முடிவு வந்த அன்று நான் மலையில் இருந்தேன். போன் சட்டைப் பையில், சட்டை மரத்தில். வேலை முடிந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. வீட்டுக்கு வந்தால் மேசையில் கேக் இருக்கிறது. கொடகவெலயிலிருந்து வந்த கேக்.

இந்தக் கொம்பியூட்டர் ஒன்றாவது என் கையால் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

மகள் அடுத்த மேல்வகுப்பான ஏஎல்லுக்கு டெக்னோலஜி எடுத்தாள். கொம்பியூட்டர் இல்லாமல் அந்தப் படிப்பு ஆகாது. கடையில் முழுசாக வாங்கினால் எட்டாது. சாமான் சாமானாக வாங்கிச் சேர்க்கலாம், தானே பூட்டலாம் என்று சொன்னாள். பூட்டுகிற விதத்தைப் போனில் காட்டினாள். கஹவத்தையில் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்போம், கடை வைத்திருக்கிறார். பழைய கொம்பியூட்டர் சாமான்கள் வைத்திருப்பவர். கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் எடுத்தேன். முதலில் மதர்போர்டு. அதைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பிறகு ரேம். பிறகு டிஸ்க். மழை இல்லாத மாதங்களில் ஒவ்வொன்றாக வந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, ஒன்றும் வராது. திரை ஒரு மூடிப்போன ஒபீஸிலிருந்து வந்தது. மகள் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டியில் வைத்திருந்தாள். சாயந்தரம் எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு நாளும் மாமா பேச்சு வரவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கூடு. அதனோடு பவர் சப்ளை. வீட்டுக் கரண்டை வாங்கி, கொம்பியூட்டருக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. நானாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய கூடு. பவர் சப்ளை உள்ளேயே இருந்தது.

"ஏஎல் படிக்கிற புள்ளைக்கு மாமன் சீர்!" என்றார்.

லயமே பார்க்க வந்தது. அவர் கூட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினார். வேனில் ஒட்ட வைத்திருந்த மாதா ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பவர் சப்ளையின் மேல் ஒட்டினார். மகள் கைதட்டினாள். நான் வாங்கிய சாமான் எல்லாம் அந்தக் கூட்டுக்குள் போனது. அதற்குப் பிறகு லயத்தில் அதற்கு மாமன் வாங்கிக் கொடுத்த கொம்பியூட்டர் என்று பேர் ஆகிவிட்டது.

அந்தக் கொம்பியூட்டர்தான் இப்போது அணைகிறது.

போட்டால் வரும். கொஞ்ச நேரம் ஓடும். மகள் ஏதாவது பெரிய வேலையைத் திறந்தால் படக்கென்று போய்விடும். முதலில் எப்போதாவது. பிறகு தினமும். அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்ட் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதியது பாதி போனது. திரும்ப எழுதினாள். அதுவும் போனது. அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். அவர் போனில் பேசினார். போனைத் தூரத்தில் வைத்தாலும் கேட்கும் குரல்.

"ஞாயித்துக்கிழம பூச முடிய வேன கொண்டாறேன். புள்ளைய எங்க வீட்டுல விடுங்க. பையங்களோட கொம்பியூட்டர் சும்மாதான் கெடக்கு. பரீட்ச முடியும் மட்டும் அங்க இருக்கட்டும். ஸ்கூலுக்கு நானே ஏத்திட்டுப் போறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நல்லதுதானேங்க?"

"அது போறேன்னு சொன்னிச்சா?"

மகளைப் பார்த்தோம். "பாப்போம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா போக வேணாம்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போக ஆசையா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டு, ஆசைதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பரீட்சை முடியும் மட்டும் என்றால் மாதக்கணக்கு. அதற்குப் பிறகு கெம்பஸ், இல்லை வேலை. ஒரு தரம் அங்கே போனால் இங்கே வருவது விருந்தாளி போலத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை ஓட வைக்க வேண்டும். அதுதான் எனக்கு வேலை.

லயத்தில் எந்தச் சாமான் கெட்டாலும் முதலில் கரண்டைத்தான் திட்டுவோம். அதில் நியாயம் இருக்கிறது. சாயந்தரம் லயத்தின் ஒவ்வொரு வீட்டிலும், எல்லாக் காம்பராவிலும், தண்ணீர் சுடவைக்கக் கரண்டுக் கேத்தலைப் போடுவார்கள். பல்ப் மஞ்சளாகிவிடும். அதுதான் காரணம் என்று அடுத்த காம்பராப் பெண் சொன்னாள். அதனால் நடுப்பகலில் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பல்ப் வெள்ளையாக எரிந்தது. கொம்பியூட்டர் அணைந்தது.

பிறகு வயர். கொம்பியூட்டரில் சொருகுகிற வயரும் எங்கள் ரைஸ் குக்கர் வயரும் ஒரே மாதிரி. மாற்றிப் போட்டேன். குக்கர் வயரில் கொம்பியூட்டர் அணைந்தது. கொம்பியூட்டர் வயரில் சோறு வெந்தது. வயர் நல்ல வயர்தான்.

"சோத்தையாவது கெடுக்காம இருங்க" என்றாள் மனைவி.

பிறகு ரேம். மகள் அதைக் கழற்றி, பித்தளைப் பல்லை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டாள். அணைந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினோம். அணைந்தது. டிஸ்க் வயரைக் கழற்றி மாட்டினோம். அணைந்தது. எல்லாம் நான் வாங்கியது. ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டு, கழற்றி, துடைத்து, குற்றம் இல்லை என்று திரும்ப மாட்டினோம்.

பவர் சப்ளையை யாரும் தொடவில்லை.

அதைப் பார்ப்போம் என்று ஒரு தரம் சொன்னேன். மனைவி கையில் இருந்த அகப்பையைச் சட்டியில் வைத்தாள்.

"அது எங்கண்ணன் குடுத்த சீருங்க. சீர்ல வந்ததக் கொற சொல்லக் கூடாது."

"கொற சொல்லல. பாக்கலாம்னேன்."

"பாக்குறதும் ஒண்ணுதான். மொதல்ல நீங்க வாங்குனதப் பாருங்க. எல்லாமே பழசு."

அவள் சொன்னதில் தப்பில்லை. முறை அப்படித்தான். சீராக வந்த சேலையில் ஓட்டை இருந்தாலும் தைத்துக் கட்டிக்கொள்வார்கள். கொடுத்தவர் காதுக்குப் போகாது. அதிலும் மச்சான் கொடுத்ததை மாப்பிள்ளை குறை சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் வரும். ஆனால் எனக்கு வேறு நினைப்பும் இருந்தது. பழுது அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் சாமானில் இருக்கக் கூடாது. அவருடையதில்தான் இருக்க வேண்டும். ரிப்பன் கட்டிக் கொண்டுவந்ததில். வெட்டுக் கத்தியைத் தீட்டும்போதும் இதே நினைப்புத்தான்.

சனிக்கிழமை காலையில் மழை. வெட்டு இல்லை. கஹவத்தைக்குப் போனேன்.

நானா ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். சொன்னேன். கேட்டுவிட்டு, "பவர் சப்ளயப் பாத்தீங்களா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"மச்சான் குடுத்தது."

நானா போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மச்சான்ட சாமானா? அப்ப அது கெட்டே போகாது! மத்த எல்லாத்தயும் கழட்டிப் பாத்தீப்பீங்க."

"ஆமா."

"இங்க வார எல்லாரும் இப்படித்தான் தம்பி. மாமன் குடுத்தது, சம்பந்தி குடுத்தது. அதத் தொட மாட்டாங்க. கரண்டுக்கு மாமன் மச்சான் தெரியுமா?"

ஒரு பழைய பவர் சப்ளையை எடுத்தார். துரு ஏறியிருந்தது. "இது வேல செய்யும். மாத்திப் பாத்துட்டுக் கொண்டாங்க." ஒரு மீட்டரும் தந்தார். பார்க்கிற விதத்தைச் சொன்னார். "பச்ச வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால தொடுங்க. காத்தாடி சுத்தும். ஆனா சுத்தினா மட்டும் நல்லம்ண்டு சொல்லேலாது. சும்மா நிக்கிறப்ப எல்லாரும் பலசாலிதான். பாரம் குடுத்து, மஞ்ச வயர மீட்டர்ல பாருங்க. பன்னெண்டு வோல்ட் நிக்கோணும். பெட்டியத் தொறந்துடாதீங்க. வயரக் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்டு நிக்கும், அடிச்சிரும்."

வீட்டுக்கு வந்தேன். மேசையில் துணி விரித்தேன். மனைவி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். கண் அரிசியில் இல்லை. மகள் கூட்டைத் திறந்த பக்கம் மேலே வரச் சாய்த்து வைத்தாள். மழை இருட்டு. அவள் போன் வெளிச்சம் காட்ட, நான் நாலு ஸ்குரூவையும் எடுத்தேன். பெட்டி வெளியே வந்தது. மாதா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாங்க" என்றாள் மனைவி.

கம்பிக்கு எங்கும் போகவில்லை. மரத்தில் பால் சிரட்டையைப் பிடித்து நிறுத்துகிற கம்பி என் பையில் எப்போதும் இருக்கும். ஒரு துண்டு வெட்டி வளைத்தேன். மகள் பச்சையையும் கறுப்பையும் காட்டினாள். சொருகினேன். சுவிட்சைப் போட்டாள்.

காத்தாடி சுற்றியது. நன்றாகச் சுற்றியது.

"பாத்தீங்களா?" மனைவி எழுந்தே வந்துவிட்டாள். "எங்கண்ணன் குடுத்தது சுத்துது. நான் சொல்லல?"

"ஆமாப்பா, மாமாது நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள். குரலில் ஒரு நிம்மதி. அதைக் கேட்டேன்.

அந்தக் காத்தாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தமில்லாமல் சுற்றியது. அவரைப் போலவே அதற்கும் எதுவும் ஆகாது போல. அப்படியானால் பழுது என் சாமானில். மதர்போர்டாக இருந்தால் எல்லாமே முடிந்தது. நாளைக்கு வேன் வரும். அவள் துணிகளை எந்தப் பையில் வைப்பது என்று மனைவி நேற்றே கேட்டிருந்தாள்.

"பாரம் குடுத்துப் பாக்கணும்" என்றேன்.

"என்னா பாரம்?"

"நானா சொன்னாரு. திரும்ப மாட்டு."

மாட்டினோம். பெட்டியைக் கூட்டுக்கு வெளியிலேயே வைத்து, வயர்களை மட்டும் சொருகினோம். சும்மா தொங்கிய ஒரு வயரின் கறுப்பில் மீட்டரின் ஒரு முனையை வைத்தேன். மஞ்சளில் மற்ற முனை. கை ஆடக் கூடாது. மரத்தில் பட்டை சீவுகிற கை. ஆடவில்லை. கொம்பியூட்டர் வந்தது. மீட்டரில் பன்னிரண்டு.

"இப்ப பெருசா ஏதாவது தொற."

அவள் தன் புரொஜெக்டைத் திறந்தாள். ஒரு வீடியோவையும் ஓட விட்டாள். மீட்டரில் எண் இறங்கியது. பதினொன்றரை. பதினொன்று. அதற்கும் கீழே. படக்கென்று அணைந்தது.

இன்னொரு தரம் பார்த்தோம். அதேதான். அடுத்து நானாவின் பழைய பெட்டியை மாட்டினோம். துருப்பிடித்த அந்தப் பெட்டியில் மஞ்சள் வயர் பன்னிரண்டிலேயே நின்றது. வீடியோ ஓடியது. புரொஜெக்ட் ஓடியது. மனைவி சோறு வடித்து, கறி வைத்து, தேத்தண்ணியும் போட்டாள். கொம்பியூட்டர் அணையவே இல்லை.

எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க வேண்டியதில்லை. பெட்டிதான். அவர் கொடுத்த பெட்டிதான். மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மகள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. மாமன் பெட்டியை மடியில் வைத்து வயர்களைச் சுற்றிக் கட்டினாள்.

"அப்பா, மாமாகிட்ட நீங்க சொல்லாதீங்க."

"ஏன்?"

"சொல்லாதீங்கப்பா."

நான் வெளியே வந்து நின்றேன். மழை விட்டிருந்தது. முன்பொரு தரம் நான் வாங்கிய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. அதை லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் இவள். அப்பா வாங்குன டிஸ்க் குறட்டை விடுது என்று. மாமனுக்கு மட்டும் மனசு நோகக் கூடாது. எனக்கு நோகாது என்று நினைக்கிறாள். இல்லை, நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நோய் நொடி இல்லாமல் நான் பூசையை விட்டதில்லை. மனைவி சேலை கட்டிக்கொண்டே, "எங்க போறீங்க?" என்றாள்.

"நானா பெட்டியக் குடுக்கணும்."

"பூசைக்குப் பொறகு குடுக்கக் கூடாதா?"

பூசைக்குப் பிறகு வேன் வந்துவிடும். அதைச் சொல்லவில்லை. வெளிக்கிட்டேன்.

பஸ் கொண்டக்டருக்கு என்னைத் தெரியும். மடியில் துருப்பிடித்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "அத பல்லி கியே நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டான். இன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லையா என்று. தலையை ஆட்டினேன். "மேக்கத பல்லிய?" என்று பெட்டியைத் தட்டினான். இதுதானா கோயில் என்று. பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நானா கடையைத் திறந்துகொண்டிருந்தார். புதிய பவர் சப்ளை ஒன்று எடுத்தேன். கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது. "இது பழசு இல்ல தம்பி, பெட்டியோட புதுசு. மச்சான்ட காத்தாடிய விட இது பாரம் தாங்கும்" என்று கண்ணடித்தார். அவருக்கும் விளங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது லயத்துக்குக் கீழே வேன் நின்றது. சிரிப்பு மேலேயிருந்து கேட்டது.

"வாங்க மாப்ள! பூசைக்கு வரலியாமே? ஃபாதர் ஒங்கள வெளக்கு வச்சுத் தேடினாராம்."

"வேல இருந்திச்சு மச்சான்."

மேசையைப் பார்த்தேன். ஒரு புதிய பவர் சப்ளை. அட்டைப் பெட்டியோடு. ரிப்பன் இல்லை. அதுதான் ஒரு ஆறுதல்.

"புள்ள நேத்தே போன் போட்ருச்சு" என்றார். "'மாமா, நீங்க குடுத்த பெட்டி குப்ப மாமா'ன்னிச்சு. குப்பையாம்! எனக்கே சொல்லுது!" சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. "கொடகவெலயில கடக்காரன் வீட்டுக்கே போயிக் கதவத் தட்டுனேன். மாமன் குடுத்த சீரு கெட்டா மாமன்தான் மாத்தணும், ஹரித? சரிதானே?"

மகள் அடுப்படிக்குப் போனாள். நானும் தண்ணீர் குடிக்கப் போவது போலப் பின்னால் போனேன்.

"சொல்லாதீங்கன்னு என்கிட்ட சொன்னே."

"ஒங்களத்தாம்ப்பா சொல்ல வேணாம்னேன்."

"நீ சொல்லலாமா?"

"நீங்க சொன்னா அது கொறையாயிரும்ப்பா. அப்பறம் அம்மா, அத்த எல்லாரும் பேசுவாங்க. நான் சொன்னா வெளாட்டு. மாமாகிட்ட நான் எதையும் சொல்லலாம்."

அது உண்மைதான். மாமனிடம் எதையும் சொல்லலாம். குப்பை என்று சொல்லலாம். அவர் சிரிப்பார். கடைக்காரன் கதவைத் தட்டுவார். என்னிடம் அப்படி எதையும் சொல்ல முடியாது போல. தண்ணீரைக் குடித்தேன்.

முன்னால் வந்து என் பையிலிருந்த பெட்டியை எடுத்து அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மச்சான் இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அட பாவி மாப்ள! இதுக்கா பூசைய விட்டீங்க?"

மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எது உள்ளே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அதுதான் நினைப்பு.

"சீட்டுப் போடுவமா?" என்றார் மச்சான்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு அட்டைப் பெட்டியையும் திறந்தாள். இரண்டையும் திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்துக்களை விரல் வைத்து வாசித்தாள். நான் அவள் விரலையே பார்த்தேன். சின்ன கிளாஸ் படிக்கும்போது புத்தகத்தில் விரல் வைத்து வாசிப்பாள். அதே விரல்.

"மஞ்ச வயர்ல இதுதான் கூடத் தாங்கும்" என்றாள். "இதப் போடுவோம்."

என்னுடையது.

அப்பா வாங்கினது என்று சொல்லவில்லை. இது என்றுதான் சொன்னாள். எழுத்தைப் பார்த்துத்தான் எடுத்தாள். மாமனுடையதில் அந்த எண் கூட இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள். பரவாயில்லை. எடுத்தது என்னுடையது.

மச்சான் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமாவது சுருங்கும் என்று பார்த்தேன். அவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். "மாப்ள பாத்து வாங்கிருக்காரு! நான் கடக்காரன் நீட்டினதத் தூக்கிட்டு வந்துட்டேன். எனக்கு என்னா தெரியும், டீசலா பெற்றோலான்னு கேட்டாச் சொல்லுவேன்."

ஒரு துளி வருத்தம் இல்லை. வேண்டுமென்று சிரிக்கிற சிரிப்பும் இல்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம். அந்த மனுஷனோடு எப்படிப் போட்டி போடுவது? நான் ஸ்குரூ முறுக்கினேன். அவர் போன் வெளிச்சம் பிடித்தார். கூட்டுக்குள் தலையை விட்டு, "இது என்னா, இது என்னா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதர்போர்டைக் காட்டினேன். ரேமைக் காட்டினேன். "இதெல்லாம் நீங்க வாங்கினதா மாப்ள? எனக்குத் தெரியாதே" என்றார். தெரியாதுதான். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போட்டோம். மகள் எல்லாவற்றையும் திறந்தாள். மீட்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். மஞ்சளில் வைத்தேன். பன்னிரண்டு. அசையவில்லை.

"அப்ப கிளம்புவமா? பையக் கட்டிட்டியாம்மா?" என்றார் மச்சான்.

"அதான் சரியாயிருச்சே மாமா. நான் வரல. பரீட்ச முடிஞ்சு வர்றேன்."

"சரியாயிருச்சுன்னா என்னா? அத்த ஒனக்குக் கட்டில் எல்லாம் போட்டு வச்சிருக்கா."

"இல்ல மாமா. இதுலயே செஞ்சுக்கிறேன்."

"ஹரி, ஹரி, சரிம்மா. படிப்புத்தான் முக்கியம்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம்தான். வேன் சாவியை எடுத்து, பார்த்து, திரும்பப் பையில் போட்டார். பெட்டிக்கு அவர் முகம் சுருங்கவில்லை. இதற்குச் சுருங்கியது. நான் பார்த்தேன். அத்தனை வருஷமும் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கியது.

"மச்சானுக்குச் சோறு போடு. மீனும் வையி" என்றேன் மனைவியிடம்.

சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு கேட்டார். போகும்போது பழையபடி சிரித்துக்கொண்டுதான் போனார். அவர் கொண்டுவந்த புதிய பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மகள் விடவில்லை. கிடக்கட்டும் என்று கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

வேன் போன பிறகு அவள் பழுதான பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். பழைய இரும்புக்காரனுக்குப் போடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். பிளேடை வைத்து மாதா ஸ்டிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். கிழியாமல் எடுக்க எவ்வளவு பொறுமை. ஒரு மூலை மட்டும் போனது. அதைக் கொண்டுபோய், காற்றுப் போகிற ஓட்டையை மறைக்காமல், என் பெட்டியின் மேல் ஒட்டினாள். விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"மாமா ஒட்டினதுப்பா. தூக்கி வீசக் கூடாது."

"ம்."

மாதாவை நான் என்ன சொல்வது?

அவள் குளிக்கப் போனாள். கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டின் பக்கத் தகடு எப்போதும் கழற்றித்தான் இருக்கும். உள்ளே எல்லாம் தெரியும். என் மதர்போர்டு. என் ரேம். என் டிஸ்க். என் பெட்டி. அதன் மேல் அவருடைய ஸ்டிக்கர். அதுதான் பளிச்சென்று தெரிந்தது. தகட்டை எடுத்து மூடி, இருக்கிற ஸ்குரூ எல்லாவற்றையும் போட்டு முறுக்கினேன்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாப்பா, இத மூடிட்டீங்க? சூடாயிரும். திரும்ப ஆஃப் ஆகும்."

ஆஃப் ஆனால் வேன் வரும்.

ஸ்குரூவைக் கழற்றினேன்.